எந்தப் பர்னாந்து? முத்துக்குளித்துறையில் வேர் தேட எந்த வழி நல்லது

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் "நாங்களும் பர்னாந்து குடும்பம்தான்" என்று சொன்னால் யாரும் வியப்படைய மாட்டார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரரும் பர்னாந்து, பரிமாறுகிறவரும் பர்னாந்து. "எந்தப் பர்னாந்து?" என்றுதான் கேட்பார்கள். எந்த ஊர், அம்மா என்ன குடும்பம், வீட்டுக்கு என்ன பட்டப்பெயர் என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். சென்னையில் பிறந்து வளர்ந்த எனக்கு முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் தெரிந்திருந்தது. அப்பா இறந்த பிறகு மற்ற இரண்டையும் தேட ஆரம்பித்தேன். நான்கு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற உறவுக்காரப் பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள்: "அண்ணே, எதில் ஆரம்பிக்கலாம்? டி.என்.ஏ. பார்க்கலாமா, கோயில் புத்தகம் பார்க்கலாமா, இல்லை பத்திர ஆபீசுக்குப் போகணுமா?" கோயில் புத்தகம் என்றால் எங்கள் பக்கத்து மாதா கோயில்களில் ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் எழுதி வைக்கும் பதிவேடு. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். லீவும் பணமும் எல்லாருக்கும் அளவாகத்தான் இருக்கிறது. அதை முதலில் எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால், இந்தப் பெயர் நமக்கு எப்படி வந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். 1530-களின் நடுவில், முத்துக்குளித்துறை என்கிற இந்தக் கடற்கரையில் மீன்பிடித்தும் முத்துக்குளித்தும் வாழ்ந்த பரதவர்கள் கொச்சியில் இருந்த போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிப் போனார்கள். அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தது அதற்குப் பிறகு, 1542-இல். ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியரின் குடும்பப் பெயரே பிள்ளைக்கும் வந்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பர்னாந்து, ரோச், மச்சாடோ, மோத்தா, கொரைரா, வாஸ், மிராண்டா, கோமஸ் என்று கடற்கரை முழுக்கப் பரவிய பெயர்கள் அப்படி வந்தவை. வில்லவராயர், பூபாலராயர் போன்ற நம் மண்ணின் பெயர்கள் பக்கத்திலேயே நிலைத்தன.

இதிலிருந்து ஒன்று விளங்கும். ஒரு பர்னாந்துவும் இன்னொரு பர்னாந்துவும் ஒரே பூட்டனுக்குப் பிறந்தவர்கள் என்று இந்தப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. வேம்பாரில் ஒரு பர்னாந்து, மணப்பாட்டில் ஒரு பர்னாந்து, இலங்கையின் மேற்குக் கரையில் சிங்களம் பேசுகிற ஆயிரமாயிரம் பர்னாந்துகள். எல்லாரையும் ஒரே மரத்தில் கோர்க்க நினைத்தால் ஆயுள் முழுக்கக் கோர்த்துக்கொண்டே இருக்கலாம். இந்தக் கடற்கரையில் வம்சம் தேடுவது என்றால் ஓர் ஊரில், ஒரு வீட்டைத் தேடுவது. எந்த வழியானாலும் அந்த வீட்டுக்கு நம்மை எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது என்பதை வைத்தே நான் அதை அளக்கிறேன்.

டி.என்.ஏ. சோதனையைத்தான் பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள். வீட்டில் இருந்தபடியே எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால் போதும் என்பதால் அந்த ஆசை வருவது இயல்புதான். இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறைச் சகோதர உறவு வரை அந்தச் சோதனை நன்றாகவே சொல்லும். ஆனால் நம்முடைய குடும்பங்களில் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. ஒரே ஊருக்குள் கொண்டும் கொடுத்தும் வந்தவர்கள் பல வழியில் சொந்தம். ஒரே ஆள் அப்பா வழியில் பார்த்தால் அத்தை புருஷன், அம்மா வழியில் பார்த்தால் தாய்மாமன். ஆகவே நான்காம் தலைமுறைச் சகோதர உறவில் இருக்கிறவர் இரண்டாம் தலைமுறை உறவில் இருப்பதுபோல முடிவு காட்டும். அதை அப்படியே நம்பி ஒரு கிளையை மரத்தில் ஒட்டினால் அந்த மரம் தவறாகிப்போகும்.

ஆண் வழியை மட்டும் பார்க்கும் ஒய் குரோமோசோம் சோதனை இன்னொன்று. ஐரோப்பாவில் குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் அப்பனிடமிருந்து மகனுக்குச் சேர்ந்தே போவதால், ஒரு பெயர்க்காரர்கள் ஒன்றுகூடி இந்தச் சோதனையைச் செய்வது வழக்கம். இங்கே பெயர் ஞானத்தகப்பனிடமிருந்து வந்திருந்தால் அந்தக் கணக்கு தொடக்கத்திலேயே அறுந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய சிக்கல், ஒப்பிட்டுப் பார்க்க நம்மவர்கள் அந்தப் பட்டியல்களில் மிகக் குறைவாக இருப்பது. பெரிய பெயரெடுத்த டுவென்டித்ரீ அண்ட் மீ நிறுவனத்தில் 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது. நம் எச்சில் நம்முடையது மட்டும் இல்லையே, அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்ந்தது. எனக்கு அந்த யோசனை உண்டு.

ஆனாலும் இந்தச் சோதனை ஒரு சமயத்தில் கைகொடுக்கும். கொழும்பில் போய்த் தங்கிவிட்ட தாத்தாவின் தம்பி குடும்பம் இதுதானா என்ற சந்தேகம் இருந்து, இரண்டு பக்கத்திலும் உயிரோடு ஆள் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். கடைசி நிலையில் உறுதிப்படுத்திக்கொள்ள அது உதவும். தேடலை அதில் ஆரம்பிப்பது வீண்.

அரசு ஆவணங்களுக்கு வருவோம். நம் நாட்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்களை யாரும் பார்க்க முடியாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மூடி வைத்திருக்கிறது. ஆக, பிரிட்டனில் இருக்கிறவர்களுக்குக் கிடைக்கிற வசதி நமக்கு இல்லை. பிறப்பு இறப்புப் பதிவு சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்தது, இப்போதிருப்பது 1969-ஆம் ஆண்டின் சட்டம். பழைய பதிவுகளில் பல இடத்தில் பிள்ளையின் பெயர் இருக்காது. "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும், அப்பா பெயர் இருக்கும். பேர் வைக்கிறதுக்கு முன்னாலேயே பதிந்துவிடுவதால் அப்படி. ஊரும் தேதியும் ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படும், இல்லாவிட்டால் கடினம்.

பத்திரப் பதிவு அலுவலகம் வேறு மாதிரி. இங்கே பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்துவிட்டால் அது பொக்கிஷம். எங்கள் பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்த அப்படியொரு பத்திரத்தில் அண்ணன் தம்பிகள், இறந்துபோன ஒரு சகோதரனின் மனைவி, அவருடைய மைனர் பிள்ளைகள் என்று எல்லாரும் "இன்னார் குமாரர் இன்னார்" என்று வரிசையாக இருந்தார்கள். யாருக்கும் நினைவில்லாத ஒரு சித்தப்பா அதில்தான் எனக்குக் கிடைத்தார். ஆனால் இதற்குச் சொத்து இருந்திருக்க வேண்டும். தோணி வைத்து வியாபாரம் செய்தவர்கள், பண்டகசாலை வைத்திருந்தவர்கள் குடும்பங்களுக்கு இந்த வழி பொருந்தும். கட்டுமரமும் வலையுமாக இருந்த வீட்டுக்குப் பத்திரமே இருக்காது. கடற்கரை ஊர்களில் வீடு நத்தத்திலோ கோயில் நிலத்திலோ இருக்கும், பட்டாவும் பிற்காலத்தில்தான் வந்திருக்கும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது: தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-இல்தான். அதற்கு முந்தைய மாவட்ட ஆவணங்களைத் திருநெல்வேலி என்ற தலைப்பில்தான் தேட வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் அப்படியே. அங்கே டச்சுக்காரர் காலத்து ஆவணங்களும் இருக்கின்றன. 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த அவர்கள் சங்கு, முத்து, துணி என்று கணக்கெழுதிக் குவித்தார்கள். ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் அதில் வருவார்கள். சாதாரண முத்துக்குளிப்பாளியின் பெயர் வருவது அபூர்வம். பட்டங்கட்டி வீடு என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். லண்டனில் இருக்கிற பிரிட்டிஷ் நூலகத்தின் சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளை இணையத்தில் பார்த்துச் சிலர் ஆசைப்படுகிறார்கள். அவை பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பதிவுகள். அதில் வருகிற பர்னாந்துவோ பெர்னாண்டஸோ நம் ஆளாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இனி கோயில் புத்தகம். என் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போனது, எனக்குக் கிடைத்ததில் பெரும்பகுதியும் இங்கேதான் கிடைத்தது.

கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஊர்க் கோயில்களில், ஞானஸ்நானத்தையும் மெய்விவாகம் என்கிற கோயில் கல்யாணத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்று 1563-இல் திரெந்து நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் கட்டளையிட்டது. அதற்காக நம் கோயில்களில் 1563 முதல் புத்தகம் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. உப்புக்காற்று, கறையான், போர், 1773-இல் சேசு சபை என்ற துறவியர் சபை கலைக்கப்பட்ட பிறகு வந்த சாமியார் பஞ்சம் எல்லாவற்றையும் தாண்டி எது பிழைத்ததோ அதுதான். எங்கள் ஊரில் எனக்குப் பார்க்கக் கிடைத்தவை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தொடங்கின.

அந்த முதல் புத்தகத்தைப் பங்குச் சாமியார் மேசையில் வைத்தபோது உடனே தொட எனக்குத் துணிவு வரவில்லை. தோல் அட்டை, முழங்கை நீளம். உள்ளே பழுப்பு மை. சில பக்கங்களில் அந்த மையே காகிதத்தை அரித்திருந்தது. எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை, அதன் வழியே அடுத்த பக்கம் தெரிந்தது. ஒவ்வொரு பதிவும் லத்தீனில் நாலைந்து வரி: தேதி, பிள்ளையின் பெயர், அப்பா, அம்மா, ஞானத்தகப்பன், ஞானத்தாய், சாமியாரின் கையெழுத்து. முக்கியமான விஷயம் என்னவென்றால், அம்மாவின் குடும்பப் பெயரும் அதில் இருந்தது. ஒரே ஊரில் அந்தோனி பர்னாந்து ஏழு பேர் இருக்கலாம். அந்தோனி பர்னாந்துக்கும் மரிய மச்சாடோவுக்கும் பிறந்தவர் என்றால் ஆள் ஒருவராகிவிடுவார்.

லத்தீன் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். வார்த்தைகள் திரும்பத் திரும்ப அதே இருபதுதான், ஒரு நாளில் பழகிவிடும். பெயர்கள்தான் ஏமாற்றும். புத்தகத்தில் பெத்ருஸ் என்று இருப்பவர் ஊரில் ராயப்பன். பவுலுஸ் என்பவர் சின்னப்பன். அலோசியுஸ் என்றால் ஞானப்பிரகாசம், பெனதிக்துஸ் என்றால் ஆசீர்வாதம், யொவான்னெஸ் என்றால் அருளப்பன். என் பூட்டனை நான் ஒரு வருடம் ராயப்பன் என்றே தேடிக் காணாமல் திரும்பினேன். பெத்ருஸ் என்று தெரிந்த பிறகு ஒரே மதியத்தில் கிடைத்தார். குடும்பப் பெயரும் இப்படித்தான். பர்னாந்து, பர்னாண்டு, பெர்னாண்டோ, பெர்னாண்டஸ் என்று எழுதுகிற சாமியாரின் காதுக்கு ஏற்ப மாறும். பிரெஞ்சுக்காரர் எழுதினால் ஒரு விதம், கோவாக்காரர் எழுதினால் ஒரு விதம்.

புத்தகத்தின் ஓரத்தைப் பார்க்க மறக்காதீர்கள். 1908-இல் நடைமுறைக்கு வந்த திருச்சபை ஆணைப்படி, ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அந்தச் செய்தியை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும். எங்கே, யாரோடு, எந்தத் தேதியில் என்று சின்னஞ்சிறு எழுத்தில் இருக்கும். எங்கள் தாத்தாவின் அக்காள் எந்த ஊரில் வாக்கப்பட்டார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஓரத்தில் புன்னைக்காயல் என்று இருந்தது. அவ்வளவுதான், அடுத்த புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

மெய்விவாகப் புத்தகத்தில் இன்னொரு வரம் உண்டு. ரத்த உறவுக்குள் கல்யாணம் செய்யத் திருச்சபையின் விலக்கு வாங்க வேண்டும். எத்தனையாவது படி உறவு என்பதோடு அதையும் அதில் எழுதியிருப்பார்கள். பழைய கணக்கில் இரண்டாம் படி என்றால் இருவருக்கும் தாத்தா பாட்டி பொது, மூன்றாம் படி என்றால் பூட்டன் பூட்டி பொது. 1918 வரை நான்காம் படிக்குக்கூட விலக்கு தேவைப்பட்டது. அதாவது, டி.என்.ஏ. சோதனையைக் குழப்புகிற அதே சொந்தத்துக் கல்யாணம் இங்கே எழுத்தில் அத்தாட்சியாக நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் மேலே எந்த இடத்தில் கோர்க்க வேண்டும் என்று அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. இதைவிட நல்ல சாட்சி இந்தக் கடற்கரையில் எனக்குக் கிடைக்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கோயில் புத்தகம் பொது நூலகம் கிடையாது. பங்குச் சாமியாரின் அனுமதி வேண்டும், அவருக்கு ஆயிரம் வேலை. நான் போன ஓரிடத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள், நான்காம் முறைதான் அலமாரி திறந்தது. திருவிழா மாதத்தில் போகவே கூடாது. ஆகஸ்டு 5 பனிமய மாதா திருவிழாவை ஒட்டி ஊருக்குப் போகிறோம், அப்படியே புத்தகமும் பார்ப்போம் என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் திட்டம் போடுவார்கள், அது நடக்காது. அப்புறம், தூத்துக்குடி மறைமாவட்டம் 1923-இல் உருவானது. அதற்கு முன்னால் சேசு சபையாரின் பங்குகள் திருச்சி மறைமாவட்டத்தின் கீழும், போர்த்துக்கீசிய ஞானாதிக்கத்தின் (கோயில்களை நிர்வகிக்கப் போர்த்துக்கீசிய அரசுக்கு இருந்த உரிமையின்) கீழிருந்த பங்குகள் தனியாகவும் இருந்தன. இரண்டு தரப்புக்கும் சண்டை மூண்ட காலத்தில் சில ஊர்களில் இரண்டு கோயில், இரண்டு புத்தகம். ஒரே வீட்டில் அண்ணன் ஒன்றிலும் தம்பி இன்னொன்றிலும் இருப்பார். ஒரு புத்தகத்தில் திடீரென்று குடும்பமே காணாமல் போனால், செத்துப்போனார்கள் என்று முடிவு கட்டாமல் மற்றக் கோயிலில் கேளுங்கள். கொடைக்கானலுக்குப் பக்கத்தில் செண்பகனூரில் இருக்கும் சேசு சபை ஆவணக் காப்பகத்தில் சாமியார்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் உண்டு. பெயர்ப் பட்டியலுக்காக அங்கே போக வேண்டாம், உங்கள் ஊரின் கதை வேண்டுமானால் போங்கள்.

கொழும்புப் பக்கம் கிளை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோணியில் சரக்கோடு போனவர்களில் எத்தனையோ பேர் புறக்கோட்டையில் கடை வைத்துத் தங்கினார்கள், நீர்கொழும்பிலும் குடியேறினார்கள். இலங்கையில் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவு 1860-களிலேயே வேரூன்றிவிட்டதால் அங்கே அரசுச் சான்றிதழே நல்ல வழி. டச்சுக்காரர் எழுதிய தோம்புகள் என்கிற நில, குடும்பப் பதிவேடுகள் கொழும்பு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, குடும்பத்தில் யார் யார் என்று ஆள் கணக்கோடு. ஆனால் அதில் பர்னாந்து என்று கண்டதும் துள்ள வேண்டாம். அந்தத் தீவில் அந்தப் பெயர் எத்தனை பேருக்கு என்று மேலே சொன்னேன்.

கடைசியாகச் சொல்கிற வழியைத்தான் முதலில் செய்ய வேண்டும்: ஊரில் இருக்கிற பெரியவர்களைக் கேட்பது. புத்தகம் இன்னும் பத்து வருடம் அலமாரியில் இருக்கும். எண்பத்தெட்டு வயது ஆச்சி இருப்பார் என்று சொல்ல முடியாது. நான் இந்த வரிசையை மாற்றிச் செய்தேன். அப்பாவின் அத்தையை அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த லீவுக்குள் அவர் போய்விட்டார். அவரிடம் இருந்ததை எந்தக் கோயிலிலும் என்னால் பார்க்க முடியவில்லை, இப்போதும் அது மனதை உறுத்துகிறது.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. "உங்க அப்பா எந்த வருஷம் இறந்தார்?" என்றால் பதில் வராது. "தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள். 1964 டிசம்பர் என்று நமக்குத் தெரியும், ஆச்சிக்கு அந்த ராத்திரி தெரியும். இன்னும் மூத்தவர்கள் தங்கள் பெற்றோரைப் பற்றிப் பேசும்போது, தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து ஊருக்குள் தாமிரபரணித் தண்ணீர் கொண்டுவந்ததற்கு முன்னால், பின்னால் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் குடிநீர்த் திட்டம் 1920-களுடையது. அப்படிக் கிடைக்கிற குத்துமதிப்பான ஆண்டைக் கையில் வைத்துக்கொண்டு போனால், கோயில் புத்தகத்தில் நூறு பக்கம் புரட்டுகிற இடத்தில் பத்துப் பக்கம் போதும். பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். யார் யாருக்கு ஞானத்தாயாக நின்றார், எந்த வீட்டிலிருந்து பெண் எடுத்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரிகிறது.

பட்டப்பெயரும் அவர்களிடமே இருக்கிறது. தண்டல் வீடு, சம்மாட்டி வீடு, பட்டங்கட்டி வீடு என்று தொழிலையும் பதவியையும் வைத்து வந்தவை ஒரு வகை. உடம்பை வைத்தும் ஏதோ ஒரு பழைய சம்பவத்தை வைத்தும் வந்தவை இன்னொரு வகை. ஒரு ஊரில் முப்பது பர்னாந்து வீடு இருந்தாலும் பட்டப்பெயர் வீட்டுக்கு ஒன்று. இந்தக் கடற்கரையில் உண்மையான குடும்பப் பெயர் அதுதான் என்று நான் நினைக்கிறேன். எந்தப் புத்தகத்திலும் அது எழுதப்படவில்லை. சில பெயர்கள் இன்றும் மனதைப் புண்படுத்தும். அடுத்த வீட்டுப் பட்டப்பெயரை வரைபடத்தில் எழுதிப் பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள்.

ஆச்சி சொல்வது எல்லாம் சரியாக இருக்குமா என்றால், இருக்காது. இரண்டு சகோதரர்களை ஒருவராக்கிவிடுவார், சின்ன வயதில் இறந்த பிள்ளைகளைச் சொல்லாமல் தாண்டிவிடுவார். அதைத் திருத்தத்தான் கோயில் புத்தகம்.

சரி, டொரன்டோவிலிருந்து பன்னிரண்டு நாள் லீவில் வருகிற தம்பிக்கு நான் சொல்வது இது. வருகிறதுக்கு முன்னால் போனிலேயே நான்கு பெரியவர்களிடம் பேசி, ஒவ்வொரு ஆணுக்கும் பக்கத்தில் மனைவியின் குடும்பப் பெயரை எழுதி வை. பங்குச் சாமியாருக்குக் கடிதம் எழுதி, எந்தப் பெயர், எந்த ஆண்டு என்று குறிப்பாகக் கேள். மொத்தப் புத்தகத்தையும் காட்டுங்கள் என்று கேட்டால் யாருக்கும் மலைப்பாக இருக்கும். வந்த பிறகு நான்கு நாள் ஊரில், மூன்று நாள் கோயிலில். ஓரக் குறிப்பு காட்டுகிற அடுத்த ஊருக்கு இரண்டு நாள். பத்திர அலுவலகத்துக்கு, சொத்து இருந்த வீடாக இருந்தால் மட்டும், ஒரு நாள். டி.என்.ஏ. பணத்தை மிச்சம் பிடித்து அந்த ஆச்சியின் குரலைப் பதிவு செய்ய நல்ல மைக் ஒன்று வாங்கு. மிச்ச நாள் கல்லறைத் தோட்டத்துக்கு. கல்வெட்டுகள் உப்பில் கரைந்திருக்கும், ஆனாலும் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது சில எழுத்து எழும்பித் தெரியும். எங்கள் பூட்டியின் பெயருக்குப் பின்னால் இருந்த மச்சாடோ என்பதை நான் அப்படித்தான் விரலால் தடவி வாசித்தேன்.